வேர் காணும் நாள்

ஜப்பானில் பனிக்காலம் விடைபெற்று, கிளைகளில் மொட்டுகள் திரளத் தொடங்கும் வேளையில், போன்சாய் வளர்ப்போர் தங்கள் மரங்களைத் தொட்டியிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். இலை இன்னும் விரியவில்லை. ஆனால் உள்ளே உயிர் விழித்துக்கொண்டுவிட்டது. சில வாரங்களே நீடிக்கும் அந்த இடைவெளியில்தான் வேரில் கை வைக்கலாம். முந்திக்கொண்டால் உறைபனி வெட்டுவாய்களைத் தாக்கும். பிந்திவிட்டால், விரிந்த இலைகள் கேட்கும் நீரை வெட்டுண்ட வேரால் கொடுக்க முடியாது. மண்ணுக்குள் மறைந்தே கிடக்கும் வேர் வெளிச்சத்தைக் காண்பது அந்த ஒரு நாளில்தான். அதுவும் ஆண்டுதோறும் அல்ல. இளமரங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. வளர்ந்தவற்றுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை. முதிர்ந்த பைன் மரங்களுக்கு அதனினும் நீண்ட இடைவெளி.

பல்லாண்டுகளாக ஜபமும் தியானமும் செய்து வருபவர்களுக்கு ஒரு கட்டத்தில் நேரும் குறிப்பிட்ட ஒரு துன்பத்திற்கு, இந்த வேர் திருத்தலைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. ஆனால் உவமையைப் பிழிவதற்கு முன் அந்தத் தொழிலை உள்ளபடி அறிந்துகொள்வது நல்லது. தொழிலை அறியாமல் எடுத்தாளப்படும் உவமைகள் மேடையில் கைத்தட்டல் பெறும், சாதனைக்கு உதவமாட்டா.

'போன்' என்றால் தட்டு; 'சாய்' என்றால் நடுதல். தட்டில் நடப்பட்ட மரம், அவ்வளவே. இந்தக் கலை சீனத்தில் பிறந்தது. 706-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட தாங் வம்சத்து இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகளும் கற்களும் அமைந்த தட்டைப் பணியாளர் ஏந்தி நிற்கும் காட்சி இன்றும் உள்ளது. பின்னர் அது ஜப்பான் சென்று, ஜென் மரபின் எளிமையில் தோய்ந்து, இன்றைய வடிவத்தை அடைந்தது.

போன்சாய் என்றவுடன் பட்டினி போட்டுக் குள்ளமாக்கப்பட்ட மரம் என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. காட்டில் ஓங்கி வளரும் அதே பைன், அதே மேப்பிள், அதே ஆல்தான் தட்டிலும் இருக்கிறது. அதன் விதையை நிலத்தில் இட்டால் வானளாவ வளரும். பட்டினி கிடக்கும் மரம் நூற்றாண்டுகள் வாழாது. போன்சாய்க்கு உரமும் நீரும் வெயிலும் தாராளமாகவே தரப்படுகின்றன. மேலே கிளையையும் கீழே வேரையும் அளவறிந்து திருத்துவதால்தான் அது சிறிய உருவில் நிலைபெறுகிறது. கிளை திருத்துவதை எல்லோரும் பார்க்கிறார்கள், வியக்கிறார்கள். வேர் திருத்துவதைப் பார்ப்பவர் சிலரே.

மேலே நிற்கும் தண்ணீர்

ஒரு மரத்திற்கு மண் மாற்றும் காலம் வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? முதல் அடையாளம் தண்ணீர். ஊற்றிய நீர் முன்பெல்லாம் உடனே உள்ளிறங்கும்; தொட்டியின் அடித்துளை வழியே வழியும். இப்போதோ மேற்பரப்பில் தேங்கி நிற்கிறது. அல்லது விளிம்பு வழியாக ஓடிவிடுகிறது. இரண்டாவது அடையாளம், மரம் தொட்டியிலிருந்து மெல்ல மேலெழும்புகிறது. கீழே செல்ல இடமில்லாத வேர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் திரண்டு மரத்தையே தூக்கிவிடுகின்றன. வெளியே எடுத்துப் பார்த்தால், வேர்கள் தொட்டியின் உட்சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடி, தொட்டியின் வடிவத்தையே தம் வடிவமாகக் கொண்டிருக்கும். மண் என்று சொல்லத்தக்கது அதில் மிகக் குறைவு. வேருக்கு வேரே சுவராகிவிட்ட நிலை அது.

இந்த மரத்திற்கு நோய் எதுவும் இல்லை. பூச்சி அரிக்கவில்லை. வளர்ப்பவர் அலட்சியம் செய்யவும் இல்லை. அது நன்றாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியே அதை நெருக்குகிறது.

இருபது ஆண்டுகளாக விடியற்காலையில் எழுந்து ஜபம் செய்யும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மாலை உருள்கிறது; எண்ணிக்கை தவறுவதில்லை. கீதையின் சுலோகங்கள் மனப்பாடம். சொற்பொழிவு எங்கு நடந்தாலும் முன்வரிசையில் இடம். ஆயினும் கேட்கும் எதுவும் உள்ளே இறங்குவதில்லை. 'இது தெரிந்ததுதானே' என்ற மெல்லிய படலம் மேற்பரப்பில் நிற்கிறது. அமுதமே ஊற்றினாலும் விளிம்பு வழியாக வழிந்துவிடுகிறது. வீட்டில் ஒருவர் ஜப நேரத்தில் கதவைத் தட்டினால் கோபம் பொங்குகிறது. கோபம் வந்தது பற்றி வருத்தமும் இல்லை. ஜபம் கலைந்தது பற்றியே வருத்தம். இவர் தீயவர் அல்லர். சாதனையைக் கைவிட்டவரும் அல்லர். சாதனை பழக்கமாகி, பழக்கம் தொட்டியின் வடிவத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

இத்தகையவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றே: தண்ணீரைக் கூட்டுகிறார்கள். ஜப எண்ணிக்கையை இரட்டிப்பாக்குகிறார்கள்; இன்னொரு யாத்திரை செல்கிறார்கள்; இன்னொரு நூலைத் தொடங்குகிறார்கள். வேர் அடைத்துக்கொண்ட தொட்டியில் மேலும் நீர் ஊற்றினால் என்ன ஆகும்? மேலே வறட்சி தெரியும். அடியில் எங்கோ அழுகல் தொடங்கியிருக்கும். தேவை நீர் அல்ல. மரத்தை வெளியே எடுத்து வேரைப் பார்ப்பது.

தடித்த வேரும் சல்லிவேரும்

வெளியே எடுப்பதிலும் முறை உண்டு. ஓரிரு நாள் முன்பே நீரைக் குறைத்து மண்ணைச் சற்று உலரவிடுகிறார்கள். ஈர மண் வேரைப் பற்றியிழுத்து அறுக்கும். தொட்டியோடு மரத்தைப் பிணைத்திருக்கும் கம்பிகளைத் துண்டிக்கிறார்கள். வளைந்த கத்தியால் உட்சுவரை ஒட்டி ஒரு சுற்று அறுத்து, அடிமரத்தைப் பிடித்து மெல்ல அசைத்துத் தூக்குகிறார்கள். பின்பு வேர்க்கொக்கியாலோ மூங்கில் குச்சியாலோ வெளிப்புறத்திலிருந்து தொடங்கி, கூந்தலைச் சிக்கெடுப்பதுபோல் நடுவிலிருந்து வெளிநோக்கிக் கோதிவிடுகிறார்கள். அவசரக்காரன் இந்த இடத்தில் தெரிந்துவிடுவான். இழுத்து அறுப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். சிக்கெடுப்பதற்கு முழுப் பிற்பகலும் ஆகும். அதுவரை வேர் காய்ந்துவிடாதபடி அடிக்கடி நீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிக்கெடுத்தபின் வெட்டு. சுற்றியோடிய வேர்கள், ஒன்றையொன்று குறுக்கே அழுத்தும் வேர்கள், அழுகிக் கறுத்தவை, நேர்கீழே பாயும் தடித்தவை ஆகியவை நீக்கப்படுகின்றன. ஆரோக்கியமான இலையுதிர் மரத்தில் வேர்த்திரளின் மூன்றில் ஒரு பங்கு வரை பெரும்பாலும் வெட்டப்படுகிறது. முதன்முறை பார்ப்பவருக்கு இது கொலையாகத் தோன்றும்.

ஆனால் ஓர் உண்மையைத் தாவரவியல் சொல்கிறது. மரத்திற்கு நீரையும் உப்பையும் உறிஞ்சித் தருவது பெரும்பாலும் தடித்த வேர் அல்ல; நுனியிலுள்ள நூல் போன்ற சல்லிவேர்களும், அவற்றின் மேலுள்ள கண்ணுக்கெட்டாத வேர்த்தூவிகளுமே. தடித்த வேர் பிடிமானத்துக்கும் சேமிப்புக்கும் உரியது. காட்டில் புயலைத் தாங்க அது வேண்டும். ஆழமற்ற தட்டில் அதற்கு வேலை குறைவு. இடமோ அதற்கே அதிகம் போகிறது. அதைக் குறைத்தால், வெட்டுவாயை ஒட்டிப் பக்கவேர்கள் பல புறப்படுகின்றன, அவற்றிலிருந்து சல்லிவேர்கள். மரத்தின் உண்மையான வாய் பெருகுகிறது.

'எனக்கு எல்லாம் தெரியும்', 'நான் மூத்த பக்தன்', 'எங்கள் பரம்பரையே இப்படி' என்பன தடித்த வேர்கள். ஒரு காலத்தில் இவை உதவின என்பதை மறுப்பது நன்றிகெட்டதனம். தொடக்கத்தில் ஒருவனைச் சாதனையில் நிறுத்தி வைத்ததே அந்தப் பெருமிதமாக இருக்கலாம். நாற்றுக்கு ஆணிவேர் வேண்டும். ஆனால் நாளடைவில் உள்ளத்துக்கு உணவு தருபவை வேறு. பணியாளிடம் பேசும் தொனியில் ஒரு கணம் எச்சரிக்கை, உண்ணும் முன் ஒரு நொடி நினைவு, தவறைச் சுட்டிக்காட்டியவரிடம் வாய் திறவாமல் இருத்தல் போன்ற, யாருக்கும் தெரியாத நூலிழைச் செயல்களால்தான் ஆன்மா நீர் குடிக்கிறது. பெரிய விரதங்களைக் கணக்கிட்டுக்கொண்டு இந்தச் சிறியவற்றைத் தவறவிடுபவருடைய தொட்டியில் தடித்த வேர் நிறைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மண்ணின் மேற்பரப்பில் அடிமரத்தைச் சுற்றிப் படரும் வேர்களை ஜப்பானியர் 'நெபாரி' என்பர். ஒரு போன்சாயின் தகுதியை மதிப்பிடுவோர் முதலில் பார்ப்பது அதையே. எல்லாத் திசைகளிலும் சீராகப் படர்ந்த வேர், மரம் தானே பூமியைப் பற்றி நிற்பது போன்ற அமைதியைத் தருகிறது. இதைப் பெற இளமரத்தின் அடியில் ஓட்டையோ பலகையையோ வைத்து நடுகிறார்கள். கீழே செல்ல வழியின்றி வேர்கள் பக்கவாட்டில் விரிகின்றன. ஒரு திசையில் வேரே இல்லையென்றால், அங்கே ஓர் இளநாற்றின் வேரை ஒட்டுக்கட்டி வளர்ப்பவரும் உண்டு. ஒவ்வொரு மண்மாற்றத்திலும் சிறிது சிறிதாகத் திருத்தி, பத்து இருபது ஆண்டுகளில் கிடைப்பது நல்ல நெபாரி. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது பழமொழி. போன்சாய்க்காரர் அதைக் கேட்டால், ஒரே நாளில் வளைக்காதே என்று மட்டும் அதற்குப் பொருள் சொல்வார்.

கழுவக்கூடாத மண்

பைன் மரத்தின் வேர்மண்ணைக் கிளறும்போது வெண்மையான நூற்படலம் ஒன்று தென்படும். புதியவர் அதை நோய் என்று அஞ்சி, குழாய் நீரில் முற்றிலும் கழுவிவிடுவதுண்டு. அது நோய் அல்ல. வேரோடு கூடி வாழும் பூஞ்சை; மரத்திற்கு நீரையும் தாதுக்களையும் சேகரித்துத் தந்து, மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது. எனவே அனுபவசாலிகள் பைன் மரத்தின் வேரை ஒருபோதும் முற்றிலும் வெறுமையாக்குவதில்லை. இம்முறை ஒரு பாதியின் மண்ணை மாற்றினால், மறு பாதியைச் சில ஆண்டுகள் கழித்தே தொடுகிறார்கள். பழைய மண்ணில் ஒரு பிடியாவது அடிமரத்தை ஒட்டி இருக்கும்.

கல்வியறிவு மிகுந்த சாதகர்கள் சிலர் இந்த இடத்தில் தவறுகிறார்கள். வேதாந்தம் படிக்கத் தொடங்கியதும், இளமையில் பெற்ற பக்தியெல்லாம் மூடத்தனம் என்று தோன்றிவிடுகிறது. பாட்டி ஏற்றிய விளக்கு, ஊர்த் திருவிழாவில் தந்தையின் தோள்மேலிருந்து கண்ட தேர், பரீட்சைக்கு முன் நெற்றியில் இட்டுக்கொண்ட திருநீறு என அனைத்தையும் பகுத்தறிவின் குழாயடியில் கழுவிவிடத் துடிக்கிறார்கள். கழுவி முடித்தபின் கையில் இருப்பது மிகத் தூய்மையான, உயிர் பிடிக்காத வேர். ஞான நூல்களில் தேர்ச்சி இருக்கிறது; ஆனால் துன்பம் வரும் இரவில் கூப்பிட ஒரு பெயர் இல்லை. எது அழுகிய வேர், எது உடன்வாழும் வெண்ணூல் என்று பிரித்தறிவதற்குத்தான் விவேகம் என்று பெயர். எல்லாவற்றையும் வெட்டுவதற்கு விவேகம் தேவையில்லை, கத்தி போதும்.

இதில் தேசமும் காலமும் உண்டு. ஜப்பானின் இளவேனில் நாட்காட்டியை அப்படியே நம் நாட்டு ஆல், அரசு, இச்சி மரங்களுக்குப் பொருத்தினால் பயன் இராது. அவை வெப்பத்தில் விரைந்து வளர்பவை. வெட்டினால் பால் வடிப்பவை. நல்ல வெம்மையும் வளர்ச்சி வேகமும் உள்ள பருவத்தில்தான் வேர்வெட்டைத் தாங்கி விரைவில் தேறுகின்றன. ஒருவருக்கு அமைந்த சாதனை முறையை அப்படியே எடுத்து இன்னொருவர் மேல் போடுவோர் இதை நினைவில் கொள்ளலாம்.

அசுவத்தமும் தட்டுமரமும்

கீதையின் பதினைந்தாம் அத்தியாயம் மேலே வேரும் கீழே கிளைகளும் கொண்ட அசுவத்த மரத்தோடு தொடங்குவதை அன்பர்கள் அறிவார்கள். அங்கே மேலுள்ள மூலவேரைத் தவிர, கீழ்நோக்கிப் படர்ந்து மனிதர்களைக் கர்மத்தில் பிணைக்கும் வேறு வேர்களும் பேசப்படுகின்றன. ஆதிசங்கரர் தம் உரையில் இந்தக் கீழ்வேர்களை விருப்பு, வெறுப்பு முதலிய வாசனைகள் என்று விளக்குகிறார். உறுதியாக வேரூன்றிய அந்த மரத்தைப் பற்றின்மை என்னும் ஆயுதத்தால் வெட்டச் சொல்கிறார் பகவான்.

அப்படியானால் வேரைத் திருத்தி மரத்தைப் பேணும் உவமை கீதைக்கு முரண் அல்லவா என்ற கேள்வி எழும். அங்கே மரம் சம்சாரம். அது வீழ்த்தப்பட வேண்டியது. இங்கே மரம் சாதனை. அது வாழ வேண்டியது. இரண்டையும் குழப்பக்கூடாது. ஆனால் வேறுபட்ட இவ்விரு மரங்களுக்கும் கத்தி ஒன்றே. பற்றின்மை என்னும் அந்த ஆயுதம் ஒரே வீச்சில் சம்சாரத்தை வீழ்த்தும் வலிமை ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்க்கலாம். மற்றவர்களுக்கு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, சுற்றியோடும் வாசனை வேர்களில் சிலவற்றைக் கத்தரித்து, மீண்டும் நட்டுக்கொள்ளும் வாழ்க்கையே கிடைத்திருக்கிறது. இதை இரண்டாந்தரம் என்று கருத வேண்டியதில்லை. கத்தியைப் பிடிக்கத் தெரிந்த கை இப்படித்தான் உருவாகிறது.

கத்தி யார் கையில்?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. போன்சாய் உவமை சிலருக்கு மிகவும் இனிக்கும். பிள்ளைகளை வளைக்க விரும்பும் பெற்றோருக்கும், சீடர்களைத் தம் கைக்குள் வைக்க விரும்பும் குருமார்களுக்கும், அமைப்புகளை நடத்துவோருக்கும் இது வசதியான உவமை. 'உன் நன்மைக்காகத்தான் வெட்டுகிறேன்' என்று சொல்ல எளிது.

மரம் சம்மதம் தருவதில்லை, மறுப்பும் சொல்வதில்லை. மனிதன் அப்படி அல்லன். மகள் படிக்க விரும்பும் படிப்பை வெட்டி, அவள் நட்பை வெட்டி, சிரிப்பை வெட்டி, அடக்கமான குடும்பப் பெண் என்னும் தட்டில் அமர்த்தி விருந்தினருக்குக் காட்டும் தந்தை செய்வது ஆன்மிகம் அல்ல. தேடல் மிகுந்த இளைஞனின் கேள்விகளையெல்லாம் அகங்காரம் என்று பெயரிட்டு நறுக்கும் மூத்தவர் செய்வதும் அதுவே அல்ல. அங்கே திருத்தப்படுவது பிறருடைய வேர். வளர்வது திருத்துபவருடைய தடித்த வேர். உவமையில் மரமும் தோட்டக்காரரும் இருவர். சாதனையில் இருவரும் ஒருவரே. குரு செய்யக்கூடியது, வேரைப் பார்க்கும் துணிவு சீடனுக்கு வரும்வரை அருகில் இருப்பதும், எந்த வேர் அழுகியது என்று சுட்டிக்காட்டுவதும். கத்தி சீடனின் கையில்தான் இருக்க வேண்டும்.

மெய்யான போன்சாய் ஆசிரியர்கள்கூட இந்த வரம்பை அறிந்தவர்களே. ஜப்பானில் இக்கலையைக் கற்க வரும் மாணவர் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆசிரியரிடம் தங்குவது மரபு. தண்ணீர் ஊற்றக் கற்பதற்கே மூன்று ஆண்டுகள் என்பது அவர்களிடையே வழங்கும் சொல். கத்தி கைக்கு வருமுன் மரத்தின் தாகத்தை அறியும் கண் வர வேண்டும் என்பது இதன் உட்கிடை. பிறர் தாகத்தை அறியாமல் கத்தியை எடுத்தவர்களால் விளைந்த துயரம் மடங்களிலும் வீடுகளிலும் கொஞ்சமல்ல.

நிழலில் சில வாரங்கள்

வெட்டியபின் செய்வது என்ன? தட்டின் துளைகளை வலையால் மூடுகிறார்கள். அடியில் பருமணலோ எரிமலைக் கற்களோ ஓர் அடுக்கு. அதன்மேல் தூசி போகச் சலித்த மண். கான்டோ சமவெளியில் தோண்டியெடுக்கப்படும் 'அகாடாமா' என்னும் சிவந்த மணிமண் இதற்குப் பெயர் பெற்றது. நீரைப் பிடிக்கவும் செய்யும், காற்றை விடவும் செய்யும். மண்மேட்டின்மேல் மரத்தை அமர்த்தி, இடவலமாகச் சற்றுத் திருகி இருத்தி, கம்பியால் தட்டோடு கட்டுகிறார்கள். இந்தக் கட்டு இன்றியமையாதது. காற்றில் மரம் ஆடினால் புதிதாகத் துளிர்க்கும் வேர்நுனிகள் ஒவ்வொரு ஆட்டத்திலும் முறியும். பின்பு மண்ணை நிரப்பி, வேர்களுக்கிடையே வெற்றிடம் இல்லாதபடி மூங்கில் குச்சியால் குத்தி இறக்குகிறார்கள். அடித்துளை வழியே வரும் நீர் தெளியும்வரை நீர் ஊற்றுகிறார்கள்.

அதன்பின் மரத்தைக் காற்று வீசாத நிழலில் இரண்டு மூன்று வாரங்கள் வைக்கிறார்கள். ஒரு மாதம் வரையாவது உரம் இல்லை. மென்மையான புதுவேரை உரத்தின் உப்பு சுட்டுவிடும். கிளை வெட்டுவதில்லை, கம்பி கட்டுவதில்லை, இடம் மாற்றுவதில்லை. எடுத்தெடுத்துப் பார்ப்பதும் இல்லை.

வாழ்வில் ஒரு பெரும் வெட்டு நேர்ந்தவர்களுக்குச் சொல்ல இதைவிடக் கனிவான வார்த்தை கிடைக்காது. பதவி போனது, துணை பிரிந்தது, தான் நினைத்திருந்த தான் பொய் என்று ஒருநாள் தெரிந்துவிட்டது. அப்போது சுற்றியிருப்போர் உரம் கொண்டு வருகிறார்கள்: புத்தகங்கள், உபதேசங்கள், முகாம்கள், 'இதிலிருந்து என்ன கற்றாய்?' என்ற கேள்விகள். அவருக்கு அப்போது தேவை நிழல், சிறிது நீர், ஆடாமல் இருக்க ஒரு கட்டு. பழகிய அதே ஒரு மந்திரம், அதே ஒரு மூலை, அதே ஒரு நேரம். பத்து நிமிடம் போதும். புதிய வேர் இருட்டில்தான் துளிர்க்கிறது. அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது.

1923-ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்துக்குப்பின் டோக்கியோவின் போன்சாய்க்காரர்கள் சிலருக்கே இந்த நிலை நேர்ந்தது. நகரில் இனி மரத்திற்கு நல்ல மண்ணும் நீரும் காற்றும் இல்லை என்று கண்டு, வடக்கே ஓமியாவுக்குக் குடிபெயர்ந்து 1925-இல் ஒரு போன்சாய்க் கிராமத்தை அமைத்தார்கள். குடியேற விரும்புபவர் குறைந்தது பத்துத் தொட்டிகளாவது வைத்திருக்க வேண்டும், வீட்டைப் பார்வையாளருக்குத் திறந்துவிட வேண்டும் என்பன அங்கே வகுத்துக்கொண்ட விதிகளில் சில. மரங்களை இடம் மாற்றியே பழகியவர்கள் தாமே இடம் பெயர்ந்து வேர்விட்டனர்.

மரத்தை விடும் கை

ஜப்பானின் நோ நாடகங்களுள் 'ஹாசி நோ கி' என்பது ஒன்று. தொட்டி மரங்கள் என்பது பொருள். சானோ என்ற ஊரில், உறவினரிடம் நிலங்களை இழந்து வறுமையில் வாடும் வீரன் ஒருவன். செல்வ நாட்களில் அவன் வளர்த்த மரங்களில் பிளம், செர்ரி, பைன் என மூன்று மட்டுமே எஞ்சியிருக்கின்றன. பனி கொட்டும் இரவில் வழிப்போக்கராக ஒரு துறவி வந்து தங்குகிறார். கொடுக்கத் தினை உணவைத் தவிர வேறில்லை. குளிர் காய விறகும் இல்லை. வீரன் அந்த மூன்று மரங்களையும் வெட்டி அடுப்பில் இடுகிறான். எத்தனை இளவேனில்களில் அவன் அவற்றின் வேரைக் கோதியிருப்பான் என்பதை நாடகம் சொல்வதில்லை. வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வந்தவர் வெறும் துறவி அல்லர். காமகுராவின் ஆட்சியாளராக இருந்த ஹோஜோ தோகியோரி என்பதும், பின்னர் அவர் வீரனின் நிலங்களை மீட்டுத் தந்து, மூன்று மரங்களின் பெயரைக் கொண்ட மூன்று ஊர்களைப் பரிசளித்தார் என்பதும் கதையின் பிற்பகுதி. பரிசு இல்லாமலே கதை முடிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று கருதுவோரும் உண்டு. அடுப்பில் இடும்போது அவனுக்கு வந்தவர் யாரென்று தெரியாது என்பதே அதில் முக்கியம். ஆண்டுக்கணக்கில் ஒரு வடிவத்தைப் பேணிய கை, குளிரால் நடுங்கும் ஒருவருக்காக அதை விட்டுவிடவும் முடிந்தது. தன் தியானத்தைப் பேணும் ஒருவர், கதவு தட்டப்படும்போது முகம் சுளிக்காமல் எழுந்து செல்வதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இன்னொரு மரத்தின் வரலாறு கதை அல்ல. 1625-ஆம் ஆண்டிலிருந்து தொட்டியில் பேணப்பட்டு வருவதாகக் கணக்கிடப்படும் வெண்பைன் ஒன்று ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரின் தோட்டத்தில் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் அந்தத் தோட்டம். வீட்டின் கண்ணாடிகள் சிதறிக் குடும்பத்தாருக்குச் சிறு காயங்கள் ஏற்பட்டன. உயரமான மதில் ஒன்று மறைத்ததால் மரம் பிழைத்தது.

1976-இல் அமெரிக்கா தன் விடுதலையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது, ஜப்பான் 53 போன்சாய்களை அன்பளிப்பாக அனுப்பியது. அவற்றுள் ஒன்றாக மசாரு யமாகி அந்தப் பைனைக் கொடுத்தார். குண்டு வீசிய நாட்டுக்கே கொடுத்தார். மரம் எங்கிருந்து தப்பியது என்பது அங்கே பரவலாகத் தெரியவில்லை. வாஷிங்டனிலுள்ள தேசிய மரத்தோட்டத்தில் மற்ற மரங்களோடு ஒன்றாக அது நின்றது. உரிய காலங்களில் அந்நாட்டுக் கைகள் அதை வெளியே எடுத்து, வேரைக் கோதி, அந்நாட்டில் கலந்த மண்ணில் மீண்டும் நட்டன.

2001-ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து சகோதரர் இருவர் அங்கே வந்து, தங்கள் தாத்தா கொடுத்த மரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். காப்பாளர்கள் அழைத்துச் சென்று காட்டினார்கள். அப்போது அவர்கள் சொல்லித்தான், இருபத்தைந்து ஆண்டுகளாகத் தாங்கள் நீரூற்றி வந்த மரம் ஹிரோஷிமாவைக் கண்டது என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது.